கைக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று

கல்லூரி என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கவலைதான். படிப்பினால் அல்ல, படிப்பதற்கு முன்னால் எழுதிய விண்ணப்பங்களினால். எழுபதுகளில் ஒரு கோடை. பதினோராம் வகுப்பு முடித்துவிட்டு, மூன்று விண்ணப்பத் தாள்களைத் தகரப் பெட்டியின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, எதை அனுப்புவது எதை விடுவது என்று நாள் கணக்காக உட்கார்ந்திருந்தேன். மூன்றையும் அனுப்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்கிறவர்களுக்கு டி.சி. என்றால் என்னவென்று மறந்து போயிருக்கும்.

பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது கொடுக்கிற அந்தச் சான்றிதழ் ஒரே ஒரு தாள். நகல் எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். விண்ணப்பத்தோடு வைக்க அது போதும். சேரும்போது அசலைத்தான் கேட்பார்கள். அசலை எங்கே கொடுக்கிறோமோ அங்கேதான் நாம். திரும்ப வாங்கினால் அங்கே நமக்கு இடம் இல்லை. அதனால் எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போட்டாலும், ஒரு நாள் ஒரே ஒரு வாசலில் அந்தத் தாளை நீட்டியே ஆகவேண்டும்.

எங்கள் பெரிய டீச்சர் டி.சி.யைக் கையில் கொடுக்கும்போதே சொல்லி அனுப்பினார். "மனசுக்குப் புடிச்சது ஒன்னு இருக்கட்டும், கைக்கு ஒன்னு இருக்கட்டும். கைக்குன்னு வச்சிருக்கிறத விட்டுடாத." அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அன்றைக்குப் பிடித்த கவலை என்னை ஒரு மாதம் விடவில்லை.

மனசுக்குப் பிடித்தது மெட்ராஸில் இருந்தது. ஒரு இசைப் பள்ளியில் மெல்லிசைக்கென்று புதிதாக ஒரு பிரிவு ஆரம்பித்திருந்தார்கள். சபாக் கச்சேரிப் பாட்டு அல்ல. ரேடியோவில் வருகிற மாதிரியான பாட்டு, வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிப்பது, பாட்டைக் கேட்டுச் சுரமாக எழுதுவது. பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்களாம். அந்த விளம்பரத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே நைனாதான். அப்பாவை எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதுவரைக்கும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், கும்மிடிப்பூண்டியைச் சுற்றிக் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும், கம்பி இழுக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து நீலச் சட்டை போட ஆரம்பித்திருந்தார். கம்பெனி கேன்டீனில் கிடந்த பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்து, கிழித்து, டிபன் டப்பாவுக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்தார். தாளின் ஓரம் முழுக்கக் குழம்பு.

"பாட்டுக்குன்னே பள்ளிக்கூடமாம். நீ வாசிக்கிறியே, அந்த மாதிரிப் பாட்டுதான் போலகீது. எழுதிப் போடு" என்றார்.

அம்மா அப்போதுதான் நடவிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாட்டு வாசிச்சா யாரு வேல குடுப்பா? டீச்சர் ட்ரெய்னிங் எழுதிப் போடு. நாலு பேரு டீச்சர்னு கூப்புடுவாங்க" என்றாள்.

நான் வாசித்தது ஹார்மோனியம். எங்கள் கோயிலில், அதாவது கிறிஸ்தவச் சபைக் கோயிலில், பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் வாசிப்பேன். யாரும் கற்றுத்தரவில்லை. முன்னால் வாசித்தவருக்குக் கம்பெனியில் ஷிப்டு மாறிவிட்டது. ஹார்மோனியப் பெட்டி சும்மா கிடந்தது. நான் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் போதகர் ஐயாவுக்குக் குரல் உண்டு, சுருதி கிடையாது. தோன்றின இடத்தில் பாட்டை ஆரம்பித்துவிடுவார். ஒரு வாரம் இரண்டு கட்டைச் சுருதியில் ஆரம்பிப்பார், அடுத்த வாரம் அதே பாட்டை நாலு கட்டையில். பாடப்பாட உற்சாகம் வந்து மூன்றாவது சரணத்தில் இன்னும் அரைக் கட்டை மேலே ஏறிவிடுவார். ஐயாவிடம் போய் நீங்கள் தப்பு என்று சொல்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை. ஹார்மோனியம்தான் அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். நாலைந்து வருடம் துரத்தியதில் எந்தப் பாட்டையும் எந்தக் கட்டையில் இருந்தும் வாசிக்க என் விரலுக்குத் தெரிந்திருந்தது. அதை ஒரு திறமை என்று எனக்குத் தெரியாது. ஐயாவின் தொந்தரவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டிக்கும் ஒரு குறை இருந்தது. நடு ஸ்தாயியில் ஒரு கட்டை பேசாது. அமுக்கினால் காற்றுதான் வரும். பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது நான் கீழ் ஸ்தாயிக்குப் போய் அதே சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே வந்துவிடுவேன். நாளடைவில் அது எனக்கே தெரியாமல் கையோடு வந்துவிட்டது.

சரி, கைக்கு எது என்று பார்க்கலாம். பொன்னேரிக் கல்லூரியில் பி.யூ.சி., அதாவது புகுமுக வகுப்பு, ஒன்று. ரயிலில் இரண்டாவது நிலையத்தில் இறங்கினால் போதும், வீட்டுச் சாப்பாடு. திருவள்ளூரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி இன்னொன்று. பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போகவேண்டும், ஆடி மாதமானால் அம்மன் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. விடுதியில்தான் தங்கவேண்டும். யாராக இருந்தாலும் பொன்னேரி என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்கு எதையும் நாலு தடவை கிளறினால்தான் தூக்கம் வரும், கிளறினால் அதுவும் வராது.

என் கவலை இதுதான். கைக்கு என்று வைத்துக்கொள்கிற இடம் மட்டமாக இருந்தால், மெட்ராஸ் கிடைக்காதபோது அதில் போய் உட்கார்ந்து அழவேண்டியிருக்கும். நல்லதாக இருந்தாலோ, மெட்ராஸுக்கு முயற்சி செய்கிற வேகமே குறைந்துபோகும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அதுவே போதும் என்று ஆகிவிடும். பொன்னேரி சுலபமான இடம் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. சேர்ந்தால் அப்படியே இருந்துவிடுவேன் என்று தோன்றியது. கடைசியில் நான் திருவள்ளூரைத் தேர்ந்தெடுத்த காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பயிற்சிப் பள்ளியில் பாட்டு வகுப்புக்கு ஹார்மோனியம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பொன்னேரியில் இல்லை. தோற்றாலும் ஒரு பெட்டி மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். அம்மா, தன் பேச்சைத்தான் கேட்டேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். பொன்னேரி விண்ணப்பத்தைத் தகரப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மெட்ராஸில் வாசித்துக் காட்டுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். நைனா லீவு போட்டுவிட்டு, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் கூட வந்தார். ரயிலில் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் என் விரல்கள் தொடையின் மேல் அந்தப் பாட்டை எத்தனை தடவை வாசித்திருக்கும் என்று தெரியாது.

"சும்மா இரும்மா. அங்க போறதுக்குள்ள கை ஓஞ்சி பூடும்" என்றார் நைனா.

அங்கே போனால் வராந்தா முழுக்கக் கூட்டம். கிடார் வைத்திருந்த ஒரு பையனுக்கு அவன் அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு வீணை உறையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோருமே பிறந்ததிலிருந்து பாட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என் செருப்பில் எங்கள் ஊர்ச் சேறு காய்ந்து ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். படிக்கட்டு ஓரத்தில் தேய்த்தேன், போகவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது நைனா கதவு வரைக்கும் வந்து, வெளியில் நின்றுகொண்டார்.

உள்ளே மூன்று பேர். இரண்டு ஆண்கள், கண்ணாடி போட்ட ஒரு அம்மையார். அவர்களுடைய ஹார்மோனியம் புதுசு, எல்லாக் கட்டையும் பேசும். ரேடியோவில் கேட்டுப் பழகியிருந்த ஒரு பாட்டை வாசித்தேன். பயந்துகொண்டே ஆரம்பித்தாலும், இரண்டாவது வரியிலிருந்து விரல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். முடித்ததும் ஒருவர் கேட்டார்.

"எல்லாம் சரியா வாசிக்கிறே. அந்த ஒரு இடத்தில மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் கீழே போயிட்டு வர்றே?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் கட்டையைத் தொட்டுக் காட்டினார். யோசிக்காமல் சொன்னேன். "அது பேசாதுங்க சார்."

அவர் அமுக்கினார். கணீரென்று பேசியது.

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது எனக்குக் காது இரண்டும் எரிந்தன. எங்கள் கோயில் பெட்டியின் ஊமைக் கட்டையை நானே சுமந்துகொண்டு மெட்ராஸ் வரைக்கும் வந்திருக்கிறேன். அவர்கள் சிரிப்பு நிற்கவே நிற்காது போல இருந்தது. அந்த அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. "இதையே நாலு கட்டைக்கு மாத்தி வாசி பார்க்கலாம்" என்றார். வாசித்தேன். "இரண்டரை." அதையும் வாசித்தேன். பாட்டின் நடுவில் "அரைக் கட்டை மேலே ஏத்து" என்றார். ஐயா மூன்றாவது சரணத்தில் ஏறுவது போல ஏற்றினேன். அம்மையார் என்னவோ எழுதிக்கொண்டார். "கடிதம் வரும், போகலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியில் வந்ததும் நைனா கேட்டார். "இன்னாத்துக்கும்மா சிரிச்சாங்க?"

"ஒன்னுமில்ல நைனா. சும்மா."

ஊமைக் கட்டைக் கதையைச் சொல்லியிருக்கலாம். கட்டை மாற்றி வாசித்ததையும் சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் வாய் வரவில்லை. ரயில் ஏறி வீடு வருகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தேன். வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தை நைனா பிரிக்காமலே மடியில் வைத்திருந்தார்.

பிறகு தபால்காரருக்குக் காத்திருக்கிற நாட்கள். அவருடைய சைக்கிள் மணி எங்கள் தெருவில் எப்போது கேட்கும் என்று எனக்கு மனப்பாடம். மணி கேட்டதும் வெளியில் ஓடக்கூடாது என்று தீர்மானம் செய்துகொள்வேன், கேட்டதும் ஓடுவேன். சோறு இறங்கவில்லை. அம்மா ஏதாவது பேசினால் வெடுக்கென்று பதில் சொன்னேன். முதலில் வந்தது திருவள்ளூர் கார்டு. பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு வந்து சேரவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. மெட்ராஸிலிருந்து ஒரு வரியும் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு கோயிலில்தான் அது நடந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம். வேண்டுதல் இருக்கிறவர்கள் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காணிக்கைப் பையில் போடுவார்கள். ஐயா அவற்றைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து ஜெபிப்பார். பெயர் சொல்லமாட்டார், "ஒரு குடும்பம்" என்பார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, யாருக்கு மாடு தொலைந்தது, யார் வீட்டில் பிரசவம் என்று சபைக்குத் தெரியாதா. நான் ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஐயா மூன்றாவது காகிதத்தைப் பிரித்தார்.

"ஒரு குடும்பம் வேண்டிக்கொள்ளுகிறது. எங்கள் மகளுக்கு ட்ரெய்னிங் ஸ்கூலில் இடம் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். அவள் அங்கேயே நிலைத்திருக்கட்டும். பட்டணத்து வாசலை அவளுக்கு அடைத்துப்போடும், ஆண்டவரே."

சபையில் அத்தனை தலைகளும் ஹார்மோனியத்தின் பக்கம் திரும்பின. நான் துருத்தியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பெண்கள் பக்கம் அம்மாவைத் தேடினேன். கண்ணை மூடிக்கொண்டு முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் ஜெபச் சீட்டைப் பையில் போடுகிறவள் எப்போதும் அவள்தான். எழுதத் தெரியாது, யாரையாவது பிடித்து எழுதி வாங்கிப் போடுவாள். சொந்த மகளுக்கு எதிராக ஆண்டவரிடம் மனுப் போட்டிருக்கிறாள், அதற்குச் சபை முழுக்க ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஐயா அடுத்த பாட்டை மூன்று கட்டையில் ஆரம்பித்தார். அன்றைக்கு நான் துரத்தவில்லை. இரண்டு கட்டையிலேயே அழுத்தமாக வாசித்தேன். சபை பாதி என்னோடும் பாதி ஐயாவோடும் போய், பாட்டு நாறிப்போனது. ஐயா கடைசியில் இறங்கி வந்தார்.

அன்றிலிருந்து அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டேன். "நீ எழுதிப் போட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டேன், கூப்பிட்டால் போனேன், வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. குற்றம் செய்தவளுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நைனாவோடு திருவள்ளூர் போனேன். மெட்ராஸ் கடிதம் வராதபோது வேறு வழி இல்லை. பயிற்சிப் பள்ளி எழுத்தர் என் டி.சி.யில் துளை போட்டு, கயிற்றில் கோத்து, ஒரு கட்டோடு கட்டினார். அந்தத் துளை போடுகிற சத்தம் கேட்டு எனக்குத் துணுக்கென்றது. வகுப்பு இரண்டு வாரம் கழித்துத்தான். எனக்கு இனிமேல் ஒரு இடம் இருக்கிறது, கவலை முடிந்தது என்று திரும்பி வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

வியாழக்கிழமை மெட்ராஸ் கடிதம் வந்தது. நின்ற இடத்திலேயே பிரித்தேன். என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. தள்ளவும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது பெயர். அடுத்த திங்கட்கிழமை சேர்க்கை. மாலை நான்கு மணிக்குள் யாராவது வராவிட்டால், பட்டியலில் உள்ளவர்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள். அப்போது அசல் சான்றிதழ்களோடு நேரில் இருக்கவேண்டும். ஒரு மாதமாகக் கைக்கு எதை வைத்துக்கொள்வது என்று நான் மூளையைக் குழப்பிக்கொண்டிருக்க, அவர்கள் என்னைக் கைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயம் வந்தது. நேரில் இருக்க டி.சி. வேண்டும். டி.சி. திருவள்ளூரில் கயிற்றில் தொங்குகிறது.

நைனா ஷிப்டு முடிந்து வந்ததும் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ட்ரெய்னிங்ல டி.சி.ய திரும்ப வாங்கணும் நைனா. நீங்க கையெழுத்துப் போடணும்."

அவர் நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா அடுப்பு வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் ஏதாவது சொல்லட்டும், பதிலுக்கு ஒரு பிடி பிடிக்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, நைனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி போலாம்" என்றார் நைனா.

திருவள்ளூரில் எழுத்தர் சான்றிதழ்க் கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா யோசிச்சுக்குங்க. இதக் குடுத்துட்டா இந்த எடம் இல்ல. வெளிய நிக்கிறாங்க பாருங்க, அவங்கள்ல ஒருத்தருக்கு இன்னிக்கே போயிடும்."

"பட்டணத்துல ரெண்டாவது நம்பருங்க சார்" என்றார் நைனா. "அங்க கெடைக்கலன்னா இங்க திரும்பி வரலாங்களா?"

"வர முடியாதுங்க."

நைனா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது என் தலைதானா என்று எனக்கே சந்தேகம். அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதி முடித்தார். துளை விழுந்த டி.சி. என் கைக்கு வந்தது. பொன்னேரியில் அதற்குள் சேர்க்கை முடிந்திருந்தது. வெள்ளியிலிருந்து திங்கள் வரைக்கும் நான் எந்தப் பள்ளிக்கும் எந்தக் கல்லூரிக்கும் சொந்தமில்லாதவள். மெட்ராஸ் இல்லையென்றால் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்கவேண்டியதுதான். அந்த மூன்று நாளும் தாளை எடுத்து எடுத்துப் பார்த்ததில் அதன் மடிப்பு நைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணியிலிருந்து அதே வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நைனா வெளியில் படிக்கட்டில். சேர வந்தவர்களை எண்ணினேன். கிடார் பையன் வந்தான். வீணைப் பெண் வந்தாள். பன்னிரண்டு மணிக்குப் பத்துப் பேர். இரண்டு மணிக்குப் பதினொன்று. பன்னிரண்டாவது ஆள் யாரோ தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. அந்த ஆள் வரக்கூடாது என்று வேண்ட ஆரம்பித்தேன். முதலில் நாசூக்காகத்தான் வேண்டினேன். அவருக்கு வேறு நல்ல இடம் கிடைக்கட்டும், ஆண்டவரே. மூன்று மணி ஆனதும் நாசூக்கு போய்விட்டது. ரயில் தவறட்டும். பஸ் நின்றுபோகட்டும். வாசலை அடைத்துப்போடும். அந்த வார்த்தை வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதற்காகத்தானே அம்மாவோடு எட்டு நாளாகப் பேசவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டுவதை நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலு மணிக்கு அந்தக் கண்ணாடி அம்மையார் தாளோடு வெளியில் வந்தார். ஒரு இடம் காலி. பட்டியலில் முதல் பெயரைக் கூப்பிட்டார். அது ஒரு பெண்ணின் பெயர். வராந்தாவில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்தேன். இவளா, அவளா, யார் எழுந்திருக்கப்போகிறார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். பிறகு தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, என் பெயரைச் சொன்னார்.

எழுந்து போய் டி.சி.யை நீட்டினேன். அம்மையார் டி.சி.யை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்தத் துளையைப் பார்த்தார். "எங்கேயோ சேர்ந்துட்டு வாங்கிட்டு வந்திருக்கியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தைரியம்தான்" என்றார். தைரியமெல்லாம் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

சாயங்கால ரயிலில் நைனா வேர்க்கடலை வாங்கினார். இந்தத் தடவை பிரித்தார், ஆனால் சாப்பிடவில்லை. ஊமைக் கட்டைக் கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர்கள் சிரித்தது அதற்குத்தான் என்றும், அந்தக் கண்ணாடி அம்மையார் கட்டை மாற்றி வாசிக்கச் சொன்னதையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். மீஞ்சூர் தாண்டியும் அவர் சிரிக்கவில்லை.

"மூணு தபா கூப்புட்டாங்களே, அந்தப் பொண்ணு ஏன் வரல?" என்று கேட்டார்.

"வேற எங்கனா சேந்திருக்கும் நைனா. அங்கருந்து டி.சி.ய திரும்ப வாங்கியிருக்க மாட்டாங்க."

"அவ அப்பனும் என்ன மாதிரி வேண்டிக்கினான் போலகீது" என்றார்.

எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. அவர் கடலைத் தோலைக் கையிலேயே நசுக்கிக்கொண்டிருந்தார். "அன்னிக்கி கதவாண்ட நின்னுக்கினு இருந்தேனா, உள்ள சிரிக்கிறாங்க. கேட்டா நீ ஒன்னுமில்லன்றே. மூஞ்ச திருப்பிக்கினு வரே. எந்த எடத்துக்குடா புள்ளைய இட்டுக்கினு வந்தோம்னு ஆயிப்போச்சு. நாந்தான் அந்தப் பேப்பர கிழிச்சாந்தேன். அதான் அந்த ஜெபச் சீட்ட நானே எழுதுனேன். அதுக்கு மேல ஆண்டவரு இஸ்டம்னு உட்டுட்டேன்" என்றார்.

அவர் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பொன்னேரி வருவதற்குள் அது எங்கேயோ போய்விட்டது, அதற்குப் பதிலாக வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அம்மாவோடு பேசாத எட்டு நாள்.

வீட்டுக்குப் போனபோது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து, பழவேற்காட்டிலிருந்து கூடைக்காரி கொண்டுவந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். நைனா "கெடச்சிட்ச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அம்மா கையிலிருந்த மீனை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "இன்னா கெடச்சாலும் எனக்கு ட்ரெய்னிங்தான் புடிக்கும். இப்பவும் அதான் சொல்லுவேன்" என்றாள்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். எட்டு நாளாகப் பேசாத வாய்க்கு முதல் வார்த்தை வருவது கஷ்டமாக இருந்தது.

"அந்த சீட்டு எழுதுனது நைனான்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"எங்கிட்டதான குடுத்து பையில போடச் சொன்னாரு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல? நான் உன்னத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அம்மா செதில் ஒட்டிய கையை உதறினாள்.

"சொல்லியிருந்தா நைனாகிட்ட பேச்ச நிறுத்தியிருப்ப. அப்புறம் மெட்ராஸுக்கு உன்ன யாரு இட்டுக்கினு போறது?"